மதிலுக்கு வெளியே

சுவருக்கு வெளியே சமைத்தால் அது கல்லூரி சமைத்ததாகாது. நிகரியின் விதி அப்படி. தென்காசிப் பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றின் சமையற்கட்டு மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் போனது அதனால்தான். மதிலில் உடைத்த ஓட்டை வழியாகச் சோற்றுக் குண்டான்கள் உள்ளே வந்தன.

நிகரி என்பது முற்றத்தில் நின்ற, பேசும் கண்ணாடித் தூண்; கல்லூரி, ஆலை எதுவானாலும் ஆளுக்கொன்று உண்டு. மதில் நெடுகப் பதித்த மோப்பிகள் உள்ளே இருக்கும் புகையை முகர்ந்து அதற்குச் சொல்லும். மரங்கள் உறிஞ்சுவதைவிடக் கரி கூடினால் தூண் சிவக்கும், இல்லையென்றால் நீலம். ஆண்டு ஆய்வன்று சிவந்திருந்தால் கல்லூரியின் அங்கீகாரம் போய்விடும். எரிவாயு நின்றுபோன காலம். கூரையிலிருந்த சூரியத் தகடுகளின் மின்சாரம் விளக்குக்கே சரியாக இருந்தது. விடுதிச் சோறு விறகில்தான் வெந்தது.

தூணை நீலமாக வைத்திருக்கும் திட்டத்துக்குப் பொறுப்பு இயற்பியல் பேராசிரியை செண்பகவல்லி. ஆய்வுக்கு முந்தின நாள் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்து, அடுப்புப் புகையை மதில் தாண்டிக் கொட்டியது. தூண் சிவந்தது.

"அடுப்பைக் கிழக்கே மாத்திருங்க, இசக்கியம்மா."

சமையல்கார இசக்கியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "கிழக்க எங்க வளவுல்லா இருக்கு டீச்சர்? பொகை பூரா எங்க வீட்டுக்குள்ளதான் போவும். எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு."

"ரெண்டு நாளைக்குத்தான்."

இரண்டு நாள் ஒரு வருடமாயிற்று. தூண் நீலமாகவே நின்றது. முன்மாதிரி வளாகம் என்று விருது கொடுத்தார்கள். செண்பகவல்லி மேடையேறி வழிமுறையை விளக்கினார். அடுப்பு இருக்கும் இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தார். மழைக்காலத்தில் இசக்கியம்மாளின் கணவர் செத்துப்போனார். துட்டி கேட்கப் போன செண்பகவல்லி, வளவு முனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். கண் எரிந்தது. புகைதான் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஆடியில், மேற்கே இருந்த நூற்பாலை தன் கொதிகலனைத் தன் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, கல்லூரி மதிலை ஒட்டி வைத்தது. தூண் மறுபடி சிவந்தது. செண்பகவல்லி சண்டைக்குப் போனார். ஆலை மேலாளர் சுடலைமணி அவருடைய பழைய மாணவன்.

"நீங்க மேடையில சொன்னதத்தான் மேடம் அப்படியே செஞ்சோம்," என்றான் சந்தோஷமாக. "எங்க தூணு இப்ப நீலம்!"

திரும்பி வந்து நிகரியிடம் முறையிட்டார்: "இது எங்க புகை இல்ல."

"யாருக்காக எரிகிறதோ அவர் கணக்கில் சேர்க்கட்டுமா?" என்றது நிகரி. "சேர்த்தால் விதி எல்லாருக்கும் பொருந்தும்."

கிழக்கு அடுப்பும் கல்லூரியின் தலையில் விழும். வளவுக்குள் ஒரு வருடமாகப் போன புகை யாருடையது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"வேற வழி?"

"மேற்கு ஓரத்து விடுதிக் கட்டடம் புகையைத் தடுக்கிறது. மதிலை உள்ளே தள்ளிக் கட்டி, விடுதியை வெளியே விட்டுவிட்டால் நீலம்."

செண்பகவல்லிக்கு உடம்பு கூசியது. கூசிக்கொண்டேதான் கொத்தனாரை வரச் சொன்னார்.

புது மதிலுக்குக் கொத்தனார் நூல் பிடித்தபோது விடுதி மாடியில் பெண்கள் இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். குண்டானோடு வந்த இசக்கியம்மாள் நூல் போகும் திசையைப் பார்த்து நின்றார்.

"இந்தப் பிள்ளையளும் இனி எங்க பக்கமா, டீச்சர்?"

செண்பகவல்லி நிமிரவில்லை. "நூலை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிங்க," என்றார் கொத்தனாரிடம். "காத்து பலமா இருக்கு."