தண்ணீர்ச் சத்தம் கேட்டது

மாலை வகுப்பு ஏழு மணிக்கு முடியும். ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். செருப்பைக் கழற்றியதும் முன்னறைச் சுவரில் இருக்கும் செவிப்பெட்டியின் முன் நின்று அன்றைய சாட்சியைச் சொல்வேன். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வந்து போனார்கள் என்று இரண்டு நிமிடம். சாப்பிடும் முன் கை கழுவுவது போல எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வீடுகளுக்குள் கேமரா வைப்பது தனியுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்த பிறகு செய்த ஏற்பாடு இது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு வீடும் ஒருவரை வீட்டுச் சாட்சியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன் திருமாறன், நான். அம்மாவுக்குக் காது மந்தம். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்று வருடமாக நான்தான் சாட்சி.

பெட்டிக்குள் ஓர் உறுதிமானி இருக்கிறது. குரலையும் சொற்களையும் எடைபோட்டு, சாட்சிக்கு நம்பகப் புள்ளி கொடுக்கும். எனக்குத் தொண்ணூற்றேழு. எதிர்வீட்டு பிலோமினா அக்காவுக்கு முப்பத்தொன்று. அவர் தினமும் அடுப்படியிலிருந்தே, "எல்லாரும் வீட்லதான்" என்று கத்துவார். கணவர் கப்பலில் இருந்த எட்டு மாதமும் அதையேதான் கத்தினார்.

"என்னடி கொடி, பெட்டிகிட்ட பரீட்சையா எழுதுற? சீக்கிரம் வா, பஜ்ஜி ஆறுது" என்று கேலி செய்வார்.

எனக்கு அப்படிச் சொல்ல வராது. பார்த்ததைப் பார்த்தேன் என்பேன். கேட்டதைக் கேட்டேன் என்பேன். இரண்டும் இல்லையென்றால் தெரியாது என்பேன். இது நேர்மையா, அல்லது என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

பிப்ரவரி பதினான்கு, வியாழக்கிழமை. அன்று நான் சொன்னது: "அம்மா சமையலறையில் இருக்கிறார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அண்ணன் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்கவில்லை."

பிறகு புத்தகத்தோடு என் அறைக்குப் போய்விட்டேன். அவன் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்தேனா? எவ்வளவு யோசித்தாலும் அன்றைய தட்டும் மற்ற நாட்களின் தட்டும் ஒன்றாகவே கண்முன் வருகின்றன.

மூன்றாம் நாள் காலை அண்ணனை அழைத்துப் போனார்கள். பதினான்காம் தேதி மாலை துறைமுகத்தில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. முதலில் தொண்ணூறு நாள் தடுப்புக்காவல். அதன்பின் நகர்நீக்கம். நகரின் வெளிவட்ட எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். அவன் திரும்பி வரவும் முடியாது, நாங்கள் போய்ப் பார்க்கவும் முடியாது. மறுஆய்வில் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அன்று அவன் வீட்டில் இருந்தான் என்பது உறுதியானால் விட்டுவிடுவார்கள்.

மறுஆய்வில் சாட்சி சொல்ல முதலில் பிலோமினா அக்கா போனார். "நான் நிஜமாவே பார்த்தேன்டி. தலைய துவட்டிக்கிட்டே வந்து பால்கனில துண்டு காயப் போட்டான். 'என்ன மாப்ள, இன்னைக்கு ஷிப்ட் இல்லையா'ன்னுகூட கேட்டேன்" என்றார். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து திரும்பி வந்தார். முப்பத்தொன்றின் சொல்லைப் பதிவு செய்வதில்லையாம். கப்பலில் இருந்தவரையே வீட்டில் இருந்ததாகச் சொன்னவர்தானே என்று கேட்டார்களாம். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

பெட்டியில் பேசாத அம்மாவுக்குப் புள்ளியே இல்லை. மிச்சம் நான்தான். அம்மா ஒரு வாரம் பழக்கிவிட்டாள்.

"பார்த்தேன்னு சொல்லு. ஒத்த வார்த்தை. நினைக்கிறேன், கினைக்கிறேன்னு இழுக்காத."

"பார்த்தேன்."

"சத்தமா."

"பார்த்தேம்மா!"

மறுஆய்வு அதிகாரி என் வயதுப் பெண். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "உங்க ஸ்கோரைப் பார்த்தேன். உங்கள மாதிரி சாட்சி ரொம்ப அபூர்வம் மேடம்" என்றார். முகத்தில் உண்மையான மரியாதை இருந்தது.

"அன்னைக்குக் குளியலறையில இருந்தது யாரு?"

"என் அண்ணன்."

"நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

திரையில் என் புள்ளி சரிந்தது. எண்பது, நாற்பது, பதினொன்று.

"மூணு வருஷமா உங்க குரலை இது கேட்டுட்டிருக்கு" என்றார் அதிகாரி மெதுவாக. "இவ்வளவு உறுதியா நீங்க ஒரு தடவைகூடப் பேசினதில்லை."

"அப்படின்னா இதை விட்டுருங்க. முன்னாடி சொன்னதையே வச்சுக்கங்க."

"அதைத்தான் வச்சிருக்கோம். சத்தம் கேட்டது, நேரில் பார்க்கவில்லை. அதுக்குத் தொண்ணூத்தேழு."

மே மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பேருந்து. வழியனுப்ப ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மா, "நீ போ. அவன் சொல்றது எனக்குக் கேக்காது" என்று என்னை அனுப்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றான். ஒட்ட வெட்டிய முடி. ஒரு கையைக் கண்ணாடியில் வைத்து, மறுகையில் போனைப் பிடித்திருந்தான். ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.

"எனக்காகப் பொய் சொன்னியாமே? நீயா?" என்று சிரித்தான். "சுத்தமா நடிக்கத் தெரியலைன்னு சொன்னாங்க."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாத. அம்மாவோட காது மெஷினை மாத்திக் கொடு, என்ன? கொடி, அன்னைக்கு நான்தான் குளிச்சேன். வேற யாரும் நம்ப வேணாம். உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனம் அந்தச் சத்தத்தைத் தேடிப் போய்விட்டது. வாளியில் விழுந்த தண்ணீரா, அம்மா மூடாமல் விட்ட குழாயா, கதவின் கீழே விளக்கு வெளிச்சம் தெரிந்ததா. ஒரு விநாடி இருக்கும். இரண்டு இருக்காது.

"தெரியும்ணா."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"சரிம்மா. பாத்துப் போ" என்று போனை வைத்தான். நிமிடம் முடிய இன்னும் இருபது விநாடி இருந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற பேருந்தில், நான் இருந்த பக்கத்து ஜன்னல் இருக்கைகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. அவன் உள்ளே போய் மறுபக்கத்தில் உட்கார்ந்தான்.