பஞ்சு ஆடுகிறது

கிண்ணத்தில் கிடந்த குழாய்க்குப் பக்கத்தில் பஞ்சிழை ஒன்று அசைந்தது. ஈதர் மயக்கமருந்தின் வாடை கலையாதிருக்க யன்னல்களையெல்லாம் சாத்திய அந்த மத்தியான அறைக்குள் காற்று எங்கிருந்து வந்ததென்று தாதி கிருபாமலருக்கு விளங்கவில்லை. அந்தக் கடலோர ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் நாக்கு விழுந்து மூச்சடைக்காதிருக்கப் பிள்ளைகளின் வாயில் வைப்பதற்கென்று இருந்தது இந்த ஒரே ரப்பர் குழாய்தான். போன மாதம், முன்பல் விழுந்த ஓட்டையால் சீழ்க்கையாய் மூச்சுவிட்ட சிறுவன் சீனிமுகம்மது மயக்கத்திலிருந்து எழும்பாமலே போன அன்றும் அவன் வாயில் இருந்தது இதுதான். அதை எத்தனை தரம் அவித்தெடுத்தாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

மகளை உள்ளே கொண்டுவருமுன் மருதமுனைக் கைருன்னிஸா, தறிச்சாயம் ஏறிய விரல்களால் கிருபாமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்ஸி, எண்ட புள்ளைர மூச்சப் பாத்துக்குவீங்கதானே?"

"ஓம். அத உட்டா எனக்கு வேற வேலையே இல்ல."

நதீராவுக்கு ஐந்து வயது, தொடையில் கட்டி. முகமூடித் துணியில் ஈதர் சொட்டச் சொட்ட அழுகை மெலிந்து தாடை தளர்ந்தது. பெரியவர்களுக்கென்றால் குழாயைக் கவிழ்த்து விட்டுப் பாதியில் திருப்பலாம். அப்படிச் செய்தால் சின்ன வாய் கிழிந்துவிடும். கிருபாமலர் நாக்கைத் தகட்டால் அமர்த்தி, அதன் வளைவின் போக்கிலேயே குழாயை மெல்ல இறக்கி, தாடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சைக் காட்டவென்று குழாய்வாயில் பஞ்சிழையை ஒட்டினாள். இழை ஆடியது. உள்ளே, வெளியே.

ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் ஒரு சின்னச் சீழ்க்கை.

நதீராவுக்குப் பல் ஒன்றும் விழவில்லையே!

நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவில்லை. உதடு நாவற்பழமாகிக்கொண்டிருந்தது.

"டொக்டர், புள்ள மூச்செடுக்கல்ல!"

கால்மாட்டில் நின்ற டொக்டர் செபரட்ணம் கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார். "பஞ்சு நல்லா ஆடுதே பிள்ள. சும்மா பயப்பிடாமப் புடி."

"அது இவட மூச்சில்ல!"

அவர் குனிந்துவிட்டார். கண்ணால் கண்டதை விட்டு இவள் சொல்லையா நம்புவார்? கிருபாமலர் முகமூடியை எறிந்தாள். குழாயை உருவினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

நெஞ்சு எழவில்லை.

மீண்டும் ஊதினாள். எழவில்லை.

செபரட்ணத்தின் கத்தி தரையில் விழுந்தது. அவர் நதீராவைப் பார்க்கவில்லை. கிருபாமலரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்திய கதவுக்கு வெளியே கைருன்னிஸாவின் குரல். "மூச்சுக் கேக்குது மிஸ்ஸி! எண்ட புள்ளைர மூச்சு நல்லாக் கேக்குது. அல்ஹம்துலில்லாஹ்!"

உள்ளங்கையில் குழாய் இளஞ்சூடாக இருந்தது. பஞ்சு ஆடியது. உள்ளே. வெளியே.

சீழ்க்கை.