ஹெட்போனுக்குள் கேட்ட விலாசம்

புலம்பெயர்ந்து வந்த நகரின் கே ரோட்டில் இருந்த சி.டி. கடைக்குப் பிரணவன் அன்று காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். வாராவாரம் வரும் புது ஆல்பங்களைக் கேட்டு, நல்லவற்றுக்கு நாலு வரி சிபாரிசு எழுதி அட்டை ஒட்டுவது அவன் வேலை. வெளியே மழை. உள்ளே ஈரக் கம்பளத்தின் புழுங்கிய வாடை.

முதலில், எதிரொலிகளை வைத்தே இசை கட்டும் ஒரு எக்ஸ்பெரிமென்டல் டப் ஆல்பம். ஹெட்போனை மாட்டினான். பேஸ் கிடார் நெஞ்சுக்கூட்டுக்குள் மெல்ல உருண்டது. குரல் ஒன்று எழும், பாதியில் அறுபடும், அதன் எதிரொலி மட்டும் கிணற்றில் விழுவதுபோல் போய்க்கொண்டே இருக்கும். ‘தனியே இருந்து கேளுங்கள்’ என்று அட்டையில் எழுதினான்.

போன எதிரொலி திரும்பி வந்தது.

“தம்பி... அம்மா இப்ப எங்கை?”

அண்ணன் திருநாவுக்கரசின் குரல். ஊரில் நடக்கும் சண்டைக்குள் ஆள் காணாமல் போய் இரண்டு வருஷம்.

“நவின், இது உன்ரை பகிடியோ?”

கல்லாவில் நின்ற நவின், கோலாலம்பூர்க்காரன், வந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டான்.

“பேஸ் மட்டும்தான்லா. என்னா, காலையில ஒண்ணும் சாப்பிடலயா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பிரணவன் மறுபடி மாட்டினான்.

“சொல்லு தம்பி. எங்கை இருக்கிறா?”

அவனுக்குச் சந்தேகம் தட்டியது. கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து பேசி அனுப்பும் கசெட்டுகளில் யாரும் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. யார் கையில் சிக்குமோ என்ற பயம். வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவனே அண்ணன்தான். அவனா இப்படிக் கேட்பான்?

ஆனால் குரல் அழுதது. அண்ணனைப் போலவே, மூச்சை இழுத்து இழுத்து.

“அழாதை அண்ணை... அம்மா சுகம். யோகராணி மாமி வீட்டிலைதான்...”

வாய் தவறிவிட்டது.

அழுகை பட்டென்று நின்றது.

ஹெட்போனில் மைக் கிடையாது.

“ம்” என்றது குரல். அது இப்போது அண்ணனுடையதாக இல்லை.

சி.டி.யை உருவி எறிந்தான். காதுக்குள் வேறு ஏதாவது சத்தம் வேண்டும். அடுத்ததைப் போட்டான். இன்டி பாப். ஒரு பெண் கிடாரோடு வெயிலைப் பற்றிச் செல்லமாகப் பாடினாள். நல்ல ஆல்பம். எழுதலாம். இதற்கு எழுதலாம்.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்ததற்கு முன் சின்ன இடைவெளி.

அதில் ஒரு நாய் குரைத்தது.

வாசல் படலை கிறீச்சிட்டது.

பிறகு, வெகு தூரத்தில், அம்மா:

“ஆரது... எங்கடை திருவோ? உள்ளை வா ராசா.”