பெட்டிக்குள் ஒரு மூச்சு

செல்போன் அலறியது!

மெக்கானிக் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தலை இரும்புக் குழாயில் 'ணங்'கென்று மோதியது.

சத்தம் மேலே இருந்து வந்தது. அவன் இருந்தது படகின் அடிவயிற்றில்... இன்ஜின் அறையில்.

மீன் பிடிக்க ஒரு நாள் வாடகைக்குப் போகும் படகு அது. கிளம்பும் முன் ஆயில் பார்க்க இறங்கியிருந்தான். மெக்கானிக்குடைய மனைவியின் அண்ணன்தான் படகு ஓட்டும் கேப்டன்; அவன் தூண்டிலுக்கு இரை வாங்கப் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? படகை வாடகைக்கு எடுத்தவர் தன் பெரிய ஐஸ் பெட்டியை ஆள் வைத்துத் தூக்கி வந்து, சரியாக இன்ஜின் அறையின் மூடிமேல் இறக்கிவிட்டார்!

மூடி இம்மியும் அசையவில்லை.

கத்திக் கூப்பிட வாயைத் திறந்தான். மேலே வாடகைக்காரர் போனில் பேசினார்.

"கிளம்பிட்டியா கண்ணு?... என் பொண்டாட்டியா? அவ தொல்லை இன்னியோட ஒழிஞ்சுது! இனிமே நம்ம நடுவுல வரவே மாட்டா!"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

காலடிச் சத்தம் படகின் முன்பக்கம் நகர்ந்தது. மூடியை மெல்லத் தட்டிப் பார்த்தான்.

டொக்... டொக்...

பதில் வந்தது!

டொக்... டொக்!

பெட்டிக்குள்ளிருந்து!

"யா... யாரு?"

ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டை வழியே, மூடியின் இடுக்கில் ஒரு பெண் குரல் கசிந்தது.

"சத்தம் போடாதீங்க... போட்டா இங்கயே கொலை விழும்!"

"அம்மா... உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாரு?"

"வேற யாரு? என் புருஷன்தான்!"

"பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டானே தவிர, அவனே சிறைப்பட்டுத்தான் கிடந்தான். நிமிர்ந்து நிற்க இடமில்லை. டீசல் நாற்றம் நெஞ்சை அடைத்தது. நடுக்கடலுக்குப் போனதும் அந்தப் புருஷன் பெட்டியோடு அவளைத் தள்ளிவிடுவான். பிறகு..? சாட்சி இவன்தானே!

படகு கிளம்பக் கூடாது!

இருட்டில் கை டீசல் வால்வைத் தேடியது. இறுக்கி மூடினான்.

மேலே கேப்டனின் குரல்.

"மாப்ள! எங்க போய்த் தொலைஞ்சான் இவன்?... உட்காருங்க சார், உங்க ஆள் வர்றதுக்குள்ள இன்ஜினைச் சூடு பண்ணிடறேன்."

இன்ஜின் உறுமியது... இருமியது... செத்தது.

"டீசல் ஏறல சார். கீழ பார்க்கணும். இந்தப் பெட்டியை ஒரு கை பிடிங்க."

"பார்த்து... உள்ள ஐஸ் இருக்கு."

'ஐஸாம்! படுபாவி!' ஸ்பேனரை இறுகப் பிடித்தான்.

பெட்டி கரகரவென்று நகர்ந்தது. மூடி திறந்தது. வெளிச்சம்!

பாய்ந்தான். வாடகைக்காரரின் மண்டையில் ஸ்பேனர் இறங்கியது.

"ஐயோ!"

"டேய் மாப்ள! கஸ்டமரைப் போய் அடிக்கிற?"

"இவன் கொலைகாரன் மச்சான்! பொண்டாட்டியைப் பெட்டியில அடைச்சு வச்சிருக்கான்!"

பெட்டியைத் திறந்தான்.

வியர்வையில் குளித்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். கட்டு இல்லை. காயம் இல்லை. கையில்...

மீன் வெட்டும் கத்தி!

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி. பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"அம்மா..?"

"என்னை யாரும் அடைக்கல. ஐஸைக் கொட்டிட்டு நானேதான் ஏறிப் படுத்தேன். ஃப்ரெண்ட்ஸோட மீன் பிடிக்கப் போறாராம்! எந்த மீனுன்னு நான் பார்க்க வேணாமா?"

வாடகைக்காரர் மண்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் தவழ்ந்தார்.

"விவாகரத்துக்கு வக்கீலைத்தான்டி பார்த்தேன்... வேற ஒண்ணும் பண்ணலடி..!"

கத்தி உயர்ந்தது.

யாரைக் காப்பாற்ற இவ்வளவு நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தானோ, அவளுடைய மணிக்கட்டையே எட்டிப் பிடித்து முறுக்கினான் மெக்கானிக். கத்தி 'ப்ளக்'கென்று தண்ணீரில் விழுந்தது. அவள் அப்படியே தளத்தில் சரிந்து ஓவென்று அழுதாள். கேப்டன் போலீசுக்கு போன் போட்டான்.

அப்போதுதான் படகுத்துறையில் ஒருத்தி, தொப்பியும் கூலிங்கிளாஸுமாகக் கையசைத்தபடி ஓடி வந்தாள்.

"ஹாய்! லேட்டாயிடுச்சா? ஏறலாமா?"

மெக்கானிக் முகத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கத்தினான்.

"தாராளமா ஏறுங்க மேடம்... சாரோட சம்சாரமும் இங்கதான் இருக்காங்க. ஆனா, நீச்சல் தெரியுமா?"