ஒரு ஆள் சாப்பாடு

சந்தாபுராவில் உமேஷின் வீட்டுக்கு அந்த நாற்காலி வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவன் வேலை பார்த்த கம்பெனி ஆபீஸையே காலி செய்துவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லி, அங்கே கிடந்த நாற்காலிகளை ஆளுக்கொன்றாக அனுப்பிவைத்தது. சக்கரம் வைத்த நல்ல நாற்காலி. ஓசியில் வந்ததை யார் வேண்டாம் என்பார்கள்?

கூடவே ஒரு சலுகையும் வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் வேலை பார்த்தால் சாப்பாட்டுச் செலவு கம்பெனியுடையது. சில கெட்டிக்காரர்கள் குடும்பத்துக்கே பிரியாணி வரவழைத்து பில் போட்டதால், வெறும் பில் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒரு ஆள் சாப்பாட்டைத் தட்டில் பரிமாறி, லேப்டாப் பக்கத்தில் வைத்து, கை வைக்கும் முன் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். யார் யார் கூடுதலாக உழைத்தார்கள் என்று மேனேஜர் மமதா பார்த்ததும் அந்தப் போட்டோக்களை வைத்துத்தான். ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். போட்டோ அனுப்பாதவன் வேலையே பார்க்காதவன்.

உமேஷ் தினமும் எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுப்பான். சூடான சித்ரான்னம், எதிரே காலி நாற்காலி. 'சரி' என்று பதில் வரும்வரை தட்டைத் தொடமாட்டான்.

முதலில் போனது ருசி.

"இந்த ஓட்டல்காரன் உப்பே போடறதில்ல" என்று குறைப்பட்டான். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை அவன் மனைவி வீணா வாயில் போட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தானங்க கீது."

அடுத்துப் போனது சத்து. உமேஷுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். ஊசி சர்க்கரையை இறக்கும், சாப்பாடு ஏற்றும். அந்த நம்பிக்கையில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் வயிறு முட்டத் தின்று எழுந்தவனுக்குக் கண் இருட்டியது. சட்டை வேர்வையில் நனைந்தது. விரலைக் குத்தி மெஷினில் பார்த்தான். ஐம்பத்தெட்டு.

சாப்பிடாதவனின் சர்க்கரை அது.

வீணா பதறிப்போய்ச் சர்க்கரையை அள்ளி அவன் வாயில் போட்டாள். டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். அப்படியும் நிற்கவில்லை. காலை இட்லியும் மத்தியானச் சோறும் ஒழுங்காக உடம்பில் ஒட்டின. போட்டோ எடுத்த சாப்பாடு மட்டும் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

ஒருநாள் போட்டோ எடுக்க அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது, அறையில் ஊசிப்போன சாம்பார் வாடை அடித்தது. நாற்காலியிலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று இறங்கியது.

இருக்கை மெல்லத் தாழ்ந்தது.

கனமான ஒரு ஆள் உட்காரும்போது தாழ்வதுபோல.

வாசற்படியில் நின்றிருந்த வீணாவும் பார்த்தாள்.

"ஏங்க," அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. "ஆளில்லாத எடத்துக்கு முன்னால சோறு வெச்சி, தொடாம நிக்கறீங்களே. செத்தவங்களுக்குத்தான நம்ம இப்டி படைப்போம்."

கம்பெனியில் நாற்காலிகளை அனுப்பிவைத்த, எல்லோரையும் 'குரு' என்றே கூப்பிடும் கிளிஃபர்டுக்கு உமேஷ் போன் போட்டான். அவன் நாற்காலியின் நம்பரைக் கேட்டுச் சரிபார்த்தான்.

"ஆதிகேசவன் சார் சேர் குரு அது. வேல நடுவுல அதுலயே போயிட்டாரு. வரவெச்ச சாப்பாட்ட பிரிக்கக்கூட இல்ல. போன் கால் முடியட்டும்னு பக்கத்துலயே வெச்சிருந்தாராம்."

"திருப்பி எடுத்துக்கோ."

"எங்க வெக்கறது குரு? ஆபீஸே இல்லியே."

உமேஷ் நாற்காலியைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டான். அன்று இரவு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தட்டை வைத்து, பின்னால் நின்றான். அதே வாடை. ஸ்டூலின் கால்கள் தரையில் கிறீச்சிட்டு மேஜைப் பக்கம் நகர்ந்தன.

அவன் உடனே மமதாவைப் போனில் கூப்பிட்டு, போட்டோ இல்லாமல் விட முடியுமா என்று கெஞ்சினான்.

"போட்டோ இல்லன்னா நீங்க வேல பாக்கறவங்க லிஸ்ட்ல வரமாட்டீங்க உமேஷ். என் கையில ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். கெட்டவள் இல்லை. அவள் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது.

கடைசியில் உமேஷ் ஒரு வழி கண்டுபிடித்தான். போட்டோவுக்கு வைத்த தட்டை அதற்கே விட்டுவிடுவது. தான் சமையலறையில் வீணா செய்ததைச் சாப்பிடுவது. நிம்மதியாக ஊசியை முழு அளவு போட்டுக்கொண்டு, சுடச்சுட ராகி முத்தைக் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினான்.

முதல் வாயிலேயே தெரிந்தது.

உப்பில்லை.

பக்கத்தில் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. வீணா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. சுவரோடு சரிந்து விழுந்தான்.

சில நாள் கழித்துக் கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வாய்வழியாகப் போகாத சாப்பாட்டை யாராலும் பிடுங்க முடியாது போலிருக்கிறது. சர்க்கரை நிலைத்து நின்றது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை, வந்துவிடும் என்றார்கள். செத்துப் பிழைத்தோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும். வீணா இருக்கிறாள், அது போதும்.

சாயங்காலம் அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வேலய பத்தி கவலப்படாதீங்க," என்று அவன் நெற்றியைத் தடவினாள். "நீங்க இங்க படுத்ததிலிருந்து, நானே தெனமும் தட்டு வெச்சி போட்டோ எடுத்து உங்க பேர்ல அனுப்பிட்டிருக்கேன். லிஸ்ட்ல கீறீங்க."

உமேஷின் தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது.

"பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க," என்றாள். அவன் தலைமாட்டிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். வழியில வேற ரெண்டு எடத்துல சாப்ட்டேன். ஆனா ஒண்ணும் உள்ள போன மாதிரியே இல்லங்க."

ரொட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் கழலுகிற அவள் கல்யாண வளையல், தானாக மணிக்கட்டைத் தாண்டி அவன் போர்வைமேல் விழுந்தது.