வடிகாலில் ஒரு பச்சைப் பொய்!

"அம்மா! பச்சைத் தண்ணி வந்துடுச்சு!"

பூனைக்கண் கத்தினார். முப்பது வருஷமாக வடிகால் மூடி திறக்கும் தொழிலாளி.

வடிகால் ஆய்வாளர் ஓடி வந்து மழைநீர் வடிகாலுக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. காலை பத்து மணிக்குத் தோல் தொழிற்சாலையின் கழிவறையில் அவள் கரைத்து ஊற்றிய சாயம்தான்!

மூன்று மாதமாக மழையே இல்லை. அப்படியிருக்க, மழைநீர் வடிகாலில் குபுகுபுவென்று பச்சை வெள்ளம்... முதலாளி கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இதில் திருப்பிவிட்டிருக்கிறார்!

"மாட்டினாருங்க மனுஷன்!"

"அம்மா... பச்சையோட..."

"என்னங்க?"

"ஒரு காலும் வருதும்மா!"

போலீஸ் வந்து உடலை வெளியே எடுத்தது. நகராட்சிச் சட்டப்பிரிவின் டைப்பிஸ்ட்! பின்மண்டையில் அடி. சட்டைக்குள், பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு தாள்.

புதிய வடிகால் சட்டத்தின் பதினான்காம் பிரிவு. ஏழு வருஷம் அலையாய் அலைந்து ஆய்வாளர் கொண்டுவந்த சட்டம். இன்று மூன்று மணிக்கு மன்றத்தில் ஓட்டெடுப்பு.

'மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடும் தொழிற்சாலை மூடப்படும்.'

நடுவே, பேனாவால் ஒரு வார்த்தை நுழைக்கப்பட்டிருந்தது.

'தெரிந்தே.'

அடப்பாவி! இனி எந்த முதலாளியும் 'எனக்குத் தெரியாதுங்க' என்று கையை விரித்துவிட்டுப் போகலாம்!

அதைவிட... அந்தக் கையெழுத்து!

அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவரின் கையெழுத்து. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். இந்தச் சட்டத்தையே எழுதிக்கொடுத்த வக்கீல்.

அவளுடைய அண்ணன்!

சப்-இன்ஸ்பெக்டரை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, அண்ணனின் அலுவலக அறைக்குள் நுழைந்தாள்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"டைப்பிஸ்ட் செத்துட்டார்ணா."

"ஐயையோ! எப்படி?"

"காலையில நீ எங்க போனே?"

"எங்கயும் இல்லையே. எட்டு மணியிலேர்ந்து இந்த நாற்காலிதான்."

தாளை நீட்டினாள். அண்ணனின் கண் ஒரு விநாடி அலைபாய்ந்தது.

"திருத்தம் போடறது என் தொழில்மா. அதுக்காக நான் கொலைகாரனா?"

அவள் மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து அவர் முழங்காலில் கவிழ்த்தாள்.

"ஏய்! பைத்தியமா புடிச்சிருக்கு?"

தண்ணீர் கறுப்புப் பேன்ட்டில் வழிந்து இறங்கியது. கீழ்விளிம்பில்... திட்டுத் திட்டாகப் பச்சை!

"காஞ்சா கண்ணுக்குத் தெரியாதுண்ணா. தண்ணி பட்டா பல்லிளிக்கும். காலையில நான் ஊத்தின சாயம்!"

அண்ணன் அப்படியே இடிந்துபோனார்.

"அந்த முதலாளி பையனுக்குத்தான் என் பொண்ணைப் பேசி முடிச்சிருக்கேன்... ஒரு வார்த்தைதானே கேட்டாரு! உன்கிட்ட காட்டியே தீருவேன்னு டைப்பிஸ்ட் நீ இருந்த ஃபேக்டரிக்கே கிளம்பிட்டான். ஃபேக்டரி பின்பக்கம் மறிச்சுத் தள்ளினேன். வடிகால் மூடி விளிம்புல மண்டை அடிச்சிடுச்சு. பயந்துபோய் உள்ள போட்டு மூடிட்டேன். கால்ல ஏதோ தெறிச்சுது, குனிஞ்சுகூடப் பாக்கலை..."

"என்னை வளர்த்ததே நீதாண்ணா! ஊரே கைவிட்டப்போ உன்னை நம்பித்தானே சட்டத்தைக் கையில குடுத்தேன்! பாவி, எனக்கே துரோகம் பண்ணிட்டியே!"

வாய்விட்டு அழுதாள். அழுதபடியே போனை எடுத்தாள்.

"தலைவர் ஐயா... பதினாலாம் பிரிவுல ஒரு வார்த்தையை அடிச்சிட்டு ஓட்டுக்கு விடுங்க. காரணத்தை நேர்ல வந்து சொல்றேன்."

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து விலங்கை மாட்டினார். வாசல் வரை நடந்த அண்ணன் குழப்பத்தோடு திரும்பினார்.

"ஆமா... அந்த வடிகால்ல தண்ணி எப்படி வந்துச்சு? ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட விடறதில்லைன்னு சம்பந்தி என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணாரே! மழை வர்ற வரைக்கும் காஞ்சு கிடக்கும், யாரும் திறந்து பார்க்கமாட்டாங்கன்னு நம்பித்தானே உள்ள போட்டேன்..."

சப்-இன்ஸ்பெக்டர் உச்சுக் கொட்டினார்.

"என்ன சார் வக்கீல் நீங்க... சம்பந்தி பேச்சைப் போய் எழுதி வாங்காம நம்பலாமா?"