மூன்றாவது மணி

சித்திரை வெயிலில் ரங்கூனே வெந்துகொண்டிருந்தபோது, சாந்தகுமாரியின் சாமி அலமாரியில் இருந்த வெண்கல மணியின் விளிம்பில் மட்டும் பனி உறைந்திருந்தது. திருநீறு கொட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் வழித்ததும் அது உருகி, நகக்கண் வரை சில்லிட்டது. முதுகில் வியர்வை ஓட, ஈர விரலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

மணி அவள் கணவர் தனசேகரன் கொண்டு வந்தது. கப்பல் இஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை அவருக்கு. போன மாசி மாதம் கப்பலைச் சீனாவின் தாலியன் துறைமுகத்தில் மூன்று வாரம் பழுது பார்த்திருக்கிறார்கள். மனுஷர் சும்மா இருப்பாரா? தாத்தா ரங்கூன் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரயில் பைத்தியம் பரம்பரைச் சொத்து. நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாக்காரர்கள் போட்ட பாதை அங்கிருந்து வடக்கே போகிறது என்று கேள்விப்பட்டு, ஊர் ஊராக இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மஞ்சள் சுவர் வைத்த ஸ்டேஷன்கள், அரிசி மூட்டை அடுக்கிய பழைய மாதா கோயில், கல்லால் கட்டிய தண்ணீர்க் கோபுரம் என்று போட்டோ மட்டும் ஒரு பெட்டி. கடைசி ஊரில் ரயில் நின்றே பல வருஷமாம். அங்கே காவலிருந்த கிழவர்தான் இந்த மணியை அவர் கையில் திணித்தாராம்.

"அந்தக் காலத்துல மூணு மணி, சாந்தா. மொத மணின்னா ரயில் வருது, மூட்டையக் கட்டு. ரெண்டாவதுன்னா எந்திரிச்சு நில்லு. மூணாவது அடிச்சா கெளம்பியாச்சு. கிழவன் ஒரு விரல் காட்டுனான், ரெண்டு காட்டுனான், மூணாவத மட்டும் மத்தக் கையால பொத்திக்கிட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மணியின் உள்ளே நாக்கு இல்லை. அழகுக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தார். இனிமேல் கப்பல் ஏறப்போவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பாதியைக் கடலுக்குக் கொடுத்தவள் சாந்தகுமாரி. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மணியை வேண்டுமானாலும் அலமாரியில் ஏற்றியிருப்பாள்.

பனி கண்ட அன்று மாலை கரண்ட் போயிற்று. அவர்கள் குடியிருந்த அலோன் பேட்டையில் அது ஒரு சேதியே இல்லை. மெழுகுவத்தி ஏற்றினாள். படகுத்துறையின் சேற்று வாடையும், அடுத்த வீட்டில் வதங்கும் புளித்த மீன் ஙாப்பியின் நெடியும், ஜெனரேட்டர்களின் உறுமலும், வீட்டுக்குப் பின்னால் சுற்று ரயில் தடதடத்துப் போகிற ஓசையும் எல்லா நாளும் போலத்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவே, அந்த டீசல் ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கரிப்புகை வாசம் ஒன்று மெல்ல உள்ளே வந்தது. நாக்கில்லாத மணி ஒரு தடவை ஒலித்தது.

கணவர் எழுந்தார். கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்து, துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். அவள் விடிய விடியத் தூங்கவில்லை.

மறுநாள் அதே நேரம், இரண்டு தடவை.

அவர் சீனாவில் வாங்கிய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டு, தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல் முன்னால் பையோடு நின்றார். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைத் தொட்டதுபோல இருந்தது.

"என்னங்க, எங்க போறீங்க?"

"தெரியல சாந்தா. எடம் போட்டு வச்சிருக்காங்க." அவர் பேசப் பேச வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி வந்தது. "எனக்கு மட்டுந்தான்."

மூன்றாவது ஒலித்தால் இந்த மனிதர் இல்லை. அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆற்றில் போட்டுவிடலாம் என்றால், சாமி முன்னால் இருந்த பொருள், மனசு வரவில்லை. ஒரு பழைய துண்டில் மணியைச் சுற்றினாள். கணவரை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டினாள். தெருக்கோடியில் இருந்த புத்த மடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊ தவுங் வாசலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தானமா, மா சாந்தா? நல்லா இருப்பீங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். துண்டை அவிழ்த்து மணியைக் கொடுத்தாள். நாக்கில்லாத மணியை யார் அடிக்கப் போகிறார்கள்? துண்டோடு படி இறங்கினாள். நெஞ்சு லேசானது. இரண்டு நாளாக விடாத மூச்சை விட்டாள். செருப்பில் கால் நுழைத்தாள்.

பின்னால் மணி ஒலித்தது.

திரும்பினாள். மணியைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஊ தவுங் கையில் மரக்கட்டையோடு நின்றார். பர்மாவில் மடத்து மணிக்கு ஏது நாக்கு? வெளியிலிருந்து கட்டையால்தான் அடிப்பார்கள். தானம் செய்தால் மூன்று அடி. கேட்ட எல்லோருக்கும் புண்ணியத்தில் பங்கு. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள், பயத்தில் இதைப் போய் மறந்துவிட்டாள்.

இரண்டு.

"அடிக்காதீங்க!"

மூன்று.

"அம்யா! அம்யா! அம்யா!" ஊ தவுங் சந்தோஷமாகக் கூவினார். எல்லோரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அழைப்பு.

"தாடு, தாடு, தாடு," என்றது தெரு. வாங்கிக்கொண்டோம் என்ற பதில். மாடியிலிருந்து, டீக்கடையிலிருந்து, சைக்கா ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து.

அவள் வாயும் சொல்லியிருந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய வாய்.

ஜெனரேட்டர்கள் நின்றன. கரிப்புகை. காலடியில் மண் அதிர்ந்தது. ஓடினாள். வீட்டுக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. ஜன்னலில் அவர் இல்லை.

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள்.

தண்டவாள ஓரமாக, தெருவே வரிசையில் நின்றது. கன்னத்தில் தனக்கா மரப்பட்டை விழுது பூசிய பெண்கள். லுங்கியோடு ஆண்கள். பாதிச் சோற்றில் எழுந்து வந்த கைகள். ஆளுக்கொரு பை. கடைசியில் ஊ தவுங், கட்டையோடு. அத்தனை வாயிலிருந்தும் வெள்ளையாய் ஆவி.

வரிசையின் முன்னால் கம்பளிக் கோட்டு. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். மணியைச் சுற்றிக்கொண்டு போன துண்டு அவள் கையில் மூட்டையாகக் கட்டியிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். வெள்ளையாய் ஆவி வந்தது.